உயிர் பிழைத்த பிறகு...

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளுங்கள். கரும்பு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம் என்று வயல்கள் பின்னால் ஓடும். கோமுகி அணைப் பக்கம் வந்ததும், எதிரே நீலமாக ஒரு பெரிய சுவர்! அதுதான் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர்கள். சாமை, தினை, கடுக்காய், தேன்... மலையாளிப் பழங்குடி மக்களின் பூமி. (மலையாளி என்றதும் கேரளாவுக்குப் போய்விடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே கதை சொல்வார்கள்.)

இந்த மலைக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அரசாங்கம் அந்த ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. ஆகவே ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே தாமதமாகத்தான் மலை ஏறின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே... அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்து விசாரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஆனால், இந்த வாரம் நான் சொல்லப் போவது சாராயக் கதை அல்ல. தலைக்குள் இருக்கும் ஒரு பட்டாணியின் கதை!

முதலில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். நிஜப் பெண் அல்ல. ஆனால், அவளைப் போன்றவர்கள் மருத்துவ நூல்களில் ஏராளமாக இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைக்கால ராத்திரி, இப்படி ஒரு மலைக் கிராமத்தில் அவளுக்குப் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி வரவில்லை. உதிரம் நிற்கவில்லை. டோலி கட்டித் தூக்கி இறக்க வேண்டும் என்றால் விடிய வேண்டும். அவளுக்கு நினைவு தப்பி, உடம்பு சில்லிட்டுப் போய், போய்விட்டாள் என்றே எல்லோரும் நினைத்தபோது... கண் விழித்தாள். உதிரமும் நின்றது. ‘குலசாமி காப்பாத்திடுச்சு! தாயும் பிள்ளையும் பிழைச்சாச்சு!’

வழக்கமாக எல்லாக் கதைகளும் இங்கே முடியும். இந்தக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

குழந்தைக்குப் பால் இல்லை. சொட்டுக்கூட வரவில்லை. ‘கண்ணு பட்டுடுச்சு’ என்றார்கள். பூண்டும் கருவாடும் போட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை. மாதவிலக்கு திரும்பவே இல்லை. ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டார்கள். வருஷம் போகப் போக உடம்பில் சோர்வு. வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறாள். அக்குளில் முடி உதிர்ந்துபோனது. புருவம் மெலிந்துபோனது. முகம் வெளிறி, தோலில் நுணுக்கமான சுருக்கங்கள் விழுந்து, முப்பது வயதில் ஐம்பது வயதுத் தோற்றம். விறகுக்குப் போனால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். மாமியார் சொல்கிறாள்: ‘சோம்பேறி.’ பூசாரி சொல்கிறார்: ‘காத்துக் கருப்பு.’ எப்போதாவது காய்ச்சலோ பேதியோ வந்தால் மயங்கி விழுகிறாள். கீழே தூக்கி வந்தால் ‘உப்பு குறைஞ்சு போச்சு’ என்று பாட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே மயக்கம், அதே உப்பு, அதே பாட்டில்!

அவளுக்கு என்னதான் ஆயிற்று? அந்த ராத்திரியில் ரத்தத்தோடு சேர்ந்து போனது எது?

பதில் தெரிய, நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். எவ்வளவு தூரம்? சுமார் ஆயிரத்து எண்ணூறு வருஷம்!

ரோமாபுரியில் காலன் என்று ஒரு மகா வைத்தியர் இருந்தார். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சதைத் துண்டு தொங்குவது அவருக்குத் தெரியும். அது எதற்கு? காலன் யோசித்தார். மூளையில் சேருகிற கழிவு இதன் வழியாக வடிந்து மூக்குக்கு வருகிறது... அதுதான் சளி என்று முடிவுகட்டினார். உடற்கூறு சாஸ்திரத்தையே புரட்டிப்போட்ட வெசேலியஸ்கூட, 1543-ல் இந்த விஷயத்தில் காலனை அப்படியே நம்பினார். லத்தீனில் ‘பிட்யூட்டா’ என்றால் சளி. அதிலிருந்து வந்ததுதான் பிட்யூட்டரி என்கிற பெயர். சளி மூக்கின் உள்தோலிலேயே உண்டாகிறது, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஜெர்மனியின் ஷ்னைடர் 17-ம் நூற்றாண்டில் நிரூபித்துவிட்டார். ஆனால், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் இதற்குப் பெயர் என்ன தெரியுமா? கபச்சுரப்பி! காலனின் தப்பு தமிழிலும் குடியேறிவிட்டது.

அந்தப் பட்டாணியின் எடை சுமார் அரை கிராம். அதன் உத்தியோகமோ கலெக்டர் உத்தியோகம். தைராய்டுக்கு ஓர் உத்தரவு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு ஓர் உத்தரவு, கருப்பைக்கும் விந்தகத்துக்கும் சினைப்பைக்கும் உத்தரவுகள், குழந்தை வளர ஓர் உத்தரவு, தாய்க்குப் பால் சுரக்க ஓர் உத்தரவு, சிறுநீர் அளவோடு போக ஓர் உத்தரவு... இந்த உத்தரவுகள் ரத்தத்தில் மிதந்து போகும் ரசாயனங்கள். 1905-ல் லண்டனில் ஸ்டார்லிங் என்கிற விஞ்ஞானி இவற்றுக்கு ‘ஹார்மோன்’ என்று பெயர் வைத்தார். ‘தூண்டிவிடுவது’ என்று அர்த்தம் வருகிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

கலெக்டர் ஆபீஸ் எரிந்துபோனால் என்ன ஆகும்? தாலுகா ஆபீஸ்கள் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், மேஜை நாற்காலிகூட இருக்கும். உத்தரவு வராது. எல்லாம் மெதுவாக... மெதுவாகத் தூங்கிப்போகும். நம் கற்பனைப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்!

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பிணவறை டாக்டர்கள். 1913-ல் போலந்தின் க்ளின்ஸ்கி, பிரசவத்தில் ரத்தம் இழந்து இறந்த பெண்களின் பிட்யூட்டரி செத்துக் கருகியிருப்பதைப் பார்த்து எழுதினார். போலிஷ் மொழியில் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருஷமே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சிம்மண்ட்ஸ், பிரசவ ஜன்னியில் பிழைத்துப் பல வருஷம் கழித்து இறந்துபோன ஒரு பெண்ணின் கதையை எழுதினார். அவளுடைய பிட்யூட்டரி சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. நோய்க்கு சிம்மண்ட்ஸ் பெயரே வந்தது. கூடவே ஒரு தப்பும் வந்தது. இந்த நோய் வந்தவர்கள் எலும்பும் தோலுமாகிவிடுவார்கள் என்று பாடப்புத்தகங்கள் எழுதிவிட்டன. டாக்டர்கள் எலும்பும் தோலுமான பெண்களையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வந்தார் ஹரால்ட் ஷீஹன். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் நோய்க்கூறு ஆராய்ச்சியாளர். அந்தக் காலத்து கிளாஸ்கோ ஏழைத் தொழிலாளர்களின் ஊர். பிரசவச் சாவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சாவையும் ஷீஹன் பொறுமையாகப் பரிசோதித்தார். 1937-ல் அடித்துச் சொன்னார்: நோய்க்கிருமி அல்ல காரணம். உதிரப்போக்கும் அதனால் வந்த அதிர்ச்சியும்தான் காரணம்!

ஏன் பிரசவத்தில் மட்டும்? கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகிறது. வரப்போகும் குழந்தைக்குப் பால் சுரக்கச் சொல்லி உத்தரவு அனுப்புகிற செல்கள் பெருகுகின்றன. ஆனால், அதற்கு வருகிற ரத்தமோ அழுத்தம் குறைந்த, மெல்லிய குழாய்கள் வழியே வருவது. கடைமடைப் பாசனம் மாதிரி! மேலே அணையில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எந்த வயல்? கடைமடை வயல்தானே! அம்மாவின் ரத்த அழுத்தம் சரிந்ததும், பெருத்துப்போயிருந்த அந்தச் சுரப்பிதான் முதலில் காய்கிறது. சில மணி நேரம் போதும்.

1949-ல் ஷீஹன் இன்னொரு முக்கியமான விஷயமும் சொன்னார். பிழைத்த பெண்களைத் தேடிப் போய்ப் பார்த்தால், பெரும்பாலோர் மெலிந்துபோகவில்லை! பார்க்கச் சாதாரணமாக இருப்பார்கள். மந்தமாக, வெளிறி, குளிரில் நடுங்கிக்கொண்டு... ஆனால், எலும்பும் தோலுமாக அல்ல. அதனால்தான் அத்தனை வருஷம் அவர்கள் டாக்டர்களின் கண்ணுக்குத் தப்பினார்கள். இன்றைக்கும் பிரசவத்துக்கும் நோயைக் கண்டுபிடிக்கிற நாளுக்கும் நடுவே பத்து, இருபது வருஷம் ஓடிவிடுவது சகஜம்.

‘இதெல்லாம் பழைய கிளாஸ்கோ கதை’ என்று நினைக்கிறீர்களா? 2005-ல் ஸ்ரீநகரைச் சேர்ந்த டாக்டர் அப்துல் ஹமீத் ஸர்காரின் குழு, காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பெற்ற பெண்களைப் பரிசோதித்து எழுதிய கணக்கைப் பாருங்கள். இருபது வயது தாண்டிய தாய்மார்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இந்த நோய்! அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள். பனிமலையோ, கல்வராயன் மலையோ... ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிற இடத்தில் பிறக்கிற நோய் இது.

மலையில் பிரசவம் ஒரு வாசல் என்றால், கீழே கரும்புக் காட்டில் இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்கு ஆண் பெண் பேதம் கிடையாது. கண்ணாடி விரியன்!

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரஸ்ஸல் என்று ஒரு ஸ்காட்லாந்து வைத்தியர் இருந்தார். கம்பெனியின் இயற்கை விஞ்ஞானி உத்தியோகம். சிப்பாய்களும் ஜனங்களும் பாம்பு கடித்துச் சாவதைப் பார்த்து, எது விஷப் பாம்பு, எது சாதுப் பாம்பு என்று படம் போட்டுக் காட்ட முடிவு செய்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டுக் கணக்கு எழுதினார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1796-ல் வந்தது. பிற்பாடு இந்த விரியனுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்... ரஸ்ஸல் விரியன்.

இதன் விஷம் ரத்தத்தோடு விளையாடுகிறது. உடம்பு முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தத்தை உறைய வைக்கிறது. உறையும் சரக்கு முழுக்க இப்படித் தீர்ந்துபோனதும், மிச்ச ரத்தம் உறையவே மாட்டேன் என்கிறது! இதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் கொஞ்சம் எடுத்து, இருபது நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டு, சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்துவிடலாம்.

அந்த நேரத்தில் பிட்யூட்டரிக்குள் என்ன நடக்கிறது? ஷீஹன் பார்த்த அதே கதை. குட்டிக் குழாய்கள் அடைபடுகின்றன, ரத்தம் கசிகிறது, சுரப்பி சாகிறது. 1976-ல் கேரள டாக்டர்கள், விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்குப் பிட்யூட்டரி செயலிழந்துபோனதை எழுதினார்கள். 1987-ல் பர்மாவில் பாம்புக்கடி ஆராய்ச்சி செய்தவர்கள், விரியன் கடித்தவர்களிடம் ஷீஹன் நோயைப் போலவே ஒரு நோயைக் கண்டதாக லண்டன் மருத்துவப் பத்திரிகையான லான்செட்டில் எழுதினார்கள். நம் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி மருத்துவர்களும் தங்களிடம் வந்த நோயாளிகளை வைத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

இந்தியாவில் பாம்புக்கடிக்கு வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பலி என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிழைத்தவர்கள் இன்னும் பல மடங்கு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. அவர்கள் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்து தயாராகி வந்திருக்கிறது. (அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ரொம்பத் தாமதமான மரியாதை!) விஷமுறிவு மருந்து விஷத்தை முறிக்கும், உயிரைக் காப்பாற்றும். ஆனால், செத்துப்போன பட்டாணியை உயிர்ப்பிக்க அதனால் முடியாது. வயிற்றுவலியும் வாந்தியுமாக உடனேயும் தெரியலாம். பல வருஷம் கழித்து, ‘பாம்பு கடிச்சதிலேர்ந்து ஆளே டல்லாயிட்டான்’ என்கிற ஊர்ப்பேச்சாகவும் தெரியலாம்.

சரி, செத்த சுரப்பியை உயிர்ப்பிக்க முடியாது. உத்தரவை நாமே எழுதி அனுப்ப முடியுமா? முடியும்! அந்தக் கதை ஓர் ஆட்டுத் தொட்டியில் ஆரம்பிக்கிறது.

1891. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரம். ஜார்ஜ் முர்ரே என்கிற இளம் டாக்டரிடம் தைராய்டு முழுக்கச் செயலிழந்த 46 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முகம் வீங்கி, பேச்சு குழறி, சாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முர்ரே ஆட்டின் தைராய்டை அரைத்து, வடிகட்டி, ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் அவள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள்! அப்புறம் 28 வருஷம் வாழ்ந்து, 1919-ல் 74-வது வயதில்தான் இறந்தாள். அதற்குள் அவளுக்காக 870 ஆடுகளுக்கும் மேல் தைராய்டு தந்திருந்தன. உடம்பில் குறைகிற ஒன்றை வெளியிலிருந்து கொடுத்து ஈடுகட்டலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தவள் அந்தப் பெண்தான்.

1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். அதே கெண்டல் பிற்பாடு அட்ரீனல் சுரப்பியின் சரக்கான கார்ட்டிசோனையும் கண்டுபிடித்தார். 1948-ல் முதன்முதலாக மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடந்தார். 1950-ல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. மூட்டுவாதத்துக்கு அது நிவாரணம். பிட்யூட்டரி போனவர்களுக்கோ அதுவே மறுபிறவி!

இன்னோர் உத்தரவின் கதை சோகமானது. குழந்தையை வளர வைக்கும் வளர்ச்சி ஹார்மோனை ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தால் மனிதனுக்குப் பலிக்காது. அதனால், 1958-லிருந்து பிணங்களின் பிட்யூட்டரிகளைச் சேகரித்து எடுத்தார்கள். குள்ளமாகவே நின்றுபோயிருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெற்றோருக்கு ஆனந்தக் கண்ணீர். 1985-ல் இடி இறங்கியது. சிறுவயதில் அந்த ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், மூளையைச் சல்லடையாக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோயால் இறந்தார்கள். ஏதோ சில பிணங்களிலிருந்து நோய் ஊசி வழியே வந்திருந்தது! உடனே நிறுத்தினார்கள். அதே வருஷக் கடைசியில், மரபணு மாற்றிய பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த ஹார்மோன் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்றைக்குக் குழந்தைகள் போட்டுக்கொள்வது இந்தச் சுத்தமான சரக்குதான். விலைதான் கையைக் கடிக்கும்.

ஆனால், நம் கற்பனைப் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது அந்த விலை உயர்ந்த ஊசி அல்ல. இரண்டே இரண்டு மாத்திரை! ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது பிரட்னிசலோன் ஒன்று, தைராக்ஸின் இன்னொன்று. மருந்துக்கடையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிற, விலை குறைந்த மாத்திரைகள். முப்பது வருஷச் சோர்வு, சில வாரங்களில் மெல்ல விலக ஆரம்பித்துவிடும். மாதவிலக்கு நிற்கிற வயது வராத பெண்களுக்குப் பெண்மைக்கான ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுப்பார்கள். எலும்பு தேயாமல் இருக்க அது அவசியம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரிசை முக்கியம்! முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராக்ஸின். தைராக்ஸினை மட்டும் முதலில் கொடுத்தால், உடம்பின் வேகம் கூடி, இருக்கிற கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலும் தீர்ந்து, நோயாளி திடீரென்று சரிந்து விழலாம். உயிருக்கே ஆபத்து.

இன்னொரு பொறி ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. நகரத்தில் மாஸ்டர் செக்கப் செய்துகொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். தைராய்டு என்றால் பல இடங்களில் டி.எஸ்.ஹெச். மட்டும் பார்ப்பார்கள். அது பிட்யூட்டரி எழுதுகிற கடிதம். தைராய்டு மட்டும் கெட்டிருந்தால் அந்தக் கடிதம் பெரிதாகிக் காட்டிக்கொடுக்கும். எழுதுகிற ஆளே செத்துப்போயிருந்தால்? எண் நார்மல் மாதிரியே இருக்கும்! ‘தைராய்டு நல்லாருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். ஃப்ரீ டி4 என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் திருடன் பிடிபடுவான். காலையில் எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால் பரிசோதனை அடுத்த சாட்சி.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வாழ்க்கை எப்படி? கிட்டத்தட்ட எல்லோரையும் போலத்தான். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்ஸின். ஹைட்ரோகார்ட்டிசோன் காலையில் பெரிய பங்கு, மதியமோ மாலையோ சின்னப் பங்கு. உடம்பே இயற்கையில் அப்படித்தான் சுரக்கிறது... விடியலில் அதிகம், ராத்திரியில் குறைவு. ஒரே ஒரு வித்தியாசம். நமக்குக் காய்ச்சல் அடித்தால், அடிபட்டால், பிட்யூட்டரி தானே உத்தரவை உயர்த்திவிடும். இவர்களுக்கு அதைக் கையால் செய்ய வேண்டும். காய்ச்சல் நாளில் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஸ்டீராய்டை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பர்ஸில், மணிக்கட்டில், முந்தானை முடிச்சில்... எங்கேயாவது ‘எனக்கு ஸ்டீராய்டு தேவை’ என்று எழுதிய ஒரு சீட்டு இருக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும்போது பேச முடியாதே!

‘ஸ்டீராய்டா? ஐயையோ!’ என்று அலறுகிற பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் இவர்களுக்குப் பெரிய எதிரி. தேவைக்கு மேல் வருஷக் கணக்கில் கொட்டினால் ஸ்டீராய்டு கெடுதல்தான். ஆனால், இங்கே நடப்பது அது அல்ல. நம் எல்லோர் உடம்பும் தினமும் தயாரிக்கிற அதே அளவை, தயாரிக்க முடியாதவருக்குக் கொடுக்கிறோம். தண்ணீரில் மூழ்குவது வேறு, தாகத்துக்குக் குடிப்பது வேறு அல்லவா? யாரோ சொன்னார்கள் என்று இதைத் திடீரென நிறுத்தியவர்கள், இரண்டொரு நாளில் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் முடிவதுண்டு.

இந்தக் கதையில் கடைசியாக ஒரு வேடிக்கை. 1906-ல் ஹென்றி டேல் என்கிற ஆங்கில விஞ்ஞானி, மாட்டு பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். அந்தச் சரக்குதான் ஆக்ஸிடோசின். 1953-ல் அமெரிக்காவில் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்து, 1955-ல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தை பிறந்த உடனே அம்மாவுக்குப் போடும் ஊசி அது. கருப்பை இறுகும், உதிரம் நிற்கும். யோசித்துப் பாருங்கள்... பிரசவ உதிரப்போக்கிலிருந்து பிட்யூட்டரியைக் காப்பாற்றும் மருந்து, பிட்யூட்டரியிலிருந்தே வந்த மருந்து!

தமிழ்நாட்டில் இன்று நூற்றில் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறது. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. நம் கற்பனைப் பெண்ணின் மகளுக்குப் பிரசவம் என்றால், அந்த ஊசியும் ரத்த பாட்டிலும் எட்டுகிற தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். சந்தோஷம்தான்.

ஆனால், அம்மா? முப்பது வருஷத்துக்கு முன் ஊசியும் ரோடும் இல்லாத ராத்திரியில் பிள்ளை பெற்றவள் இன்னும் அதே திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மலையில்தான் என்று இல்லை. உங்கள் தெருவில், உங்கள் வீட்டிலேயே ஒரு பெரியம்மாவாகவோ சித்தியாகவோ இருக்கலாம். அடிக்கடி உப்பு குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்கிற, எப்போதும் குளிர்கிற, ‘பிள்ளை பெத்ததிலேர்ந்து உடம்பு சரியில்லை’ என்கிற ஒரு பெண்.

அவரிடம் மெதுவாக மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘கடைசிப் பிரசவத்துல உதிரம் ரொம்பப் போச்சா? குழந்தைக்குப் பால் வந்துச்சா? அதுக்கப்புறம் மாதவிலக்கு திரும்ப வந்துச்சா?’ வயலில் வேலை செய்கிற மாமா என்றால் ஒரே கேள்வி போதும்: ‘எப்பவாவது விரியன் கடிச்சிருக்கா?’ பதில்கள் ஒருமாதிரி இருந்தால், அவற்றை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.